கடைசி சீட்டுப் போர்வை

ஒரகடம் பக்கம் வெயில் காலத்தில் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தார் ரோட்டில் செருப்பு ஒட்டும். கன்டெய்னர் லாரி ஒன்று தாண்டிப் போனால் அனல் முகத்தில் அறையும். அப்படிப்பட்ட ஊரில், நான் ஐந்தாம் வகுப்புப் படித்த காலத்தில், ஒரு பஸ் நிறையப் பெண்கள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்கள். யாருக்கு என்று கேட்டால் அவர்களுக்கே சிரிப்பு வந்துவிடும்.

அது அம்மாவின் கம்பெனி பஸ். பச்சைப் பலகையில் எறும்புத் தலை அளவுச் சாமான்களைப் பொருத்துகிற எலக்ட்ரானிக் கம்பெனி அது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அம்மா அங்கே வேலை செய்தாள். மண்ணூரில் எங்கள் வரிசை வீட்டுக்கு முன்னால் இருந்த ஸ்டாப்பில் ஏறினால், பஸ் ஊர் ஊராகச் சுற்றி ஆள் ஏற்றிக்கொண்டு கம்பெனி போய்ச் சேர ஒரு யுகம் ஆகும். தூங்கியே கழித்துக்கொண்டிருந்த அந்தப் பயணத்தில், கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த ஓர் அக்கா ஒருநாள் ஊல் என்கிற கம்பளி நூலையும் இரண்டு ஊசியையும் எடுத்துப் பின்ன ஆரம்பித்தாளாம். அவ்வளவுதான். மெட்ராஸ் ஐ மாதிரி பஸ் முழுக்கப் பரவிவிட்டது. பின்னல் வராதவர்கள் குஷன் உறையில் கிளி போட்டார்கள். அதுவும் வராதவர்கள் ஒட்டுத்துணி தைத்தார்கள்.

அம்மாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. பஸ் வேலை பஸ்ஸோடு சரி. வீட்டில் ஊசியைக் கையில் எடுத்தால் அடுப்பில் சோறு தீயும் என்பாள். அதனால் அவளுடைய பஸ் பைக்குள் இருந்ததெல்லாம் அரைக்கிணறு தாண்டின கதைதான். ஒரு கை மட்டும் உள்ள ஸ்வெட்டர், காது மூடாத தொப்பி, மூக்கு இல்லாத கிளி. ஒன்று முடிவதற்குள் அடுத்ததில் ஆசை வந்துவிடும்.

அப்பாவுக்கு இதைப் பார்த்தாலே ஆகாது. அவர் வேறொரு கம்பெனியில், காருக்குக் கதவு பொருத்துகிற லைனில் இருந்தார். பெண்டிங் என்பது அவர் அகராதியில் கெட்ட வார்த்தை. தட்டில் ஒரு வாய் சோறு மீந்தாலும், வீட்டுப்பாடத்தில் ஒரு கணக்கு மிச்சமிருந்தாலும், "பெண்டிங் வெக்காத பாப்பா" என்பார். என் கல்யாணத்தில்கூட மாப்பிள்ளை தாலி கட்டும் வரை அவர் அப்படித்தான் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறார் என்று அம்மா கேலி செய்வாள்.

பிறகு கம்பெனி மூடிவிட்டது. நான் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். பெரியவர்களுக்கு அது கேட்டில் நோட்டீஸ், யூனியன், பந்தலில் உட்கார்ந்து கோஷம் என்று மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு செத்த சாவு. எனக்குத் தெரிந்ததெல்லாம் பஸ் வருவது நின்றதுதான்.

பஸ் வராது என்று அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் காலையில் தலை சீவி, பூ வைத்து, ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஸ்டாப்பில் போய் நின்றாள். மற்ற கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து போகும். வெயில் ஏறுகிற வரை நின்றுவிட்டுத் திரும்பி வருவாள். டீக்கடைக்காரர் ஒருநாள் அப்பாவிடம் மெதுவாகச் சொன்ன பிறகுதான் வீட்டில் விஷயம் தெரிந்தது. அப்பா பைக்கில் போய் அழைத்து வந்தார். அன்றைக்கு அந்த ஐடி கார்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். எழுந்தால் சமைப்பாள், பாத்திரம் துலக்குவாள், மறுபடி சுவர்.

எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டமாக இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு திறந்திருக்கிறது, அம்மா இருக்கிறாள். பக்கத்து போர்ஷனில் சாவி வாங்க வேண்டியதில்லை. கம்பெனி திறக்கவே கூடாது என்று பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் வேறு போட்டேன்.

அப்பாதான் விசித்திரமாகிப் போனார். ஓடியாடி ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் ஓவர்டைமே வேண்டாம் என்று ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவந்தார். ட்யூஷனுக்குப் போக வேண்டாம், அம்மாகூட இரு என்றார். கரும்பு தின்னக் கூலியா? ஆனால் ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உள் அறைக் கதவிலும் குளியலறைக் கதவிலும் இருந்த தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். துரு பிடித்துவிட்டதாம். புதுசு வாங்கிப் போடுகிறேன் என்றார்; போடவில்லை. நான் குளிக்கும்போது ஒரு வாளித் தண்ணீரைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுக் குளிக்க வேண்டியிருந்தது. அம்மா குளிக்கப் போனால் அப்பா வெளியே நின்று, "சோப்பு கீதா, இல்லியா? தண்ணி சூடு போதுமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இத்தனை வருஷத்தில் அம்மாவின் சோப்பைப் பற்றி அவருக்கு என்ன வந்தது என்று எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா பரணிலிருந்து அம்மாவின் பஸ் பையை இறக்கினார். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அந்த ஒற்றைக் கை ஸ்வெட்டரை மடியில் போட்டுக்கொண்டார்.

"இன்னா பெரிய வித்த இது? கார் கதவே மாட்றோம், இது ஆவாதா?"

கதவு மாட்டுகிற கை அது. ஊசி இரண்டும் அந்த விரல்களுக்குள் ஈர்க்குச்சி மாதிரி இருந்தன. இழுத்தார், சுற்றினார், பல்லைக் கடித்தார். ஊல் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அம்மா முதலில் திரும்பவே இல்லை. ஊசி கீழே விழுந்த சத்தம் கேட்டுத் தலையை மட்டும் திருப்பினாள்.

"ஐய, இன்னா பண்ணி வெச்சிகீற நீ? கண்ணியெல்லாம் வுட்டுட்ட. குடு இப்டி."

பிடுங்கிக்கொண்டாள். அவிழ்த்தாள். அப்பா போட்டதை மட்டுமல்ல, அதற்கு முன்னால் அவளே போட்டதிலும் இரண்டு வரியை அவிழ்த்துவிட்டுப் புதிதாகப் போட ஆரம்பித்தாள். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மதியம் அவரே சமைத்தார். சாம்பாரில் உப்பு இல்லை. யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் ஊசி ஓய்வதே இல்லை. ஒற்றைக் கை ஸ்வெட்டருக்கு இரண்டாவது கை முளைத்தது. எனக்காக ஆரம்பித்தது, அதற்குள் நான் வளர்ந்துவிட்டேன். ஆனாலும் மூச்சுமுட்ட அதைப் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் தெருவில் இரண்டு நடை நடந்தேன். தெருவே சிரித்தது. கிளிக்கு மூக்கு வந்தது. தொப்பி காதை மூடியது. பை இளைக்க இளைக்க அப்பாவின் முகம் தெளிந்துகொண்டு வந்தது. அம்மா சாப்பிட்டாள், என் தலையில் பேன் பார்த்தாள், ஒருமுறை டிவியைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

ஒரு மத்தியானம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா எதிரில் உட்கார்ந்து, பையில் கடைசியாகக் கிடந்த மேசை விரிப்பின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாத மாதிரி சொன்னாள்.

"இத்தோட ஆச்சி. அரகொறையா வுட்டுட்டுப் போனான்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாது பாரு."

அப்பா பிசைந்த சோற்றோடு அப்படியே இருந்தார். கை காய்ந்துபோனது. எனக்கு நல்ல சந்தர்ப்பம் கிடைத்தது. "அப்பா, தட்டுல பெண்டிங்!" என்று கத்தினேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். தட்டோடு எழுந்துபோய், நாய்க்குக் கொட்டிவிட்டு வந்தார். சோற்றைக் கொட்டுகிறவர் இல்லை எங்கள் அப்பா.

அன்று சாயங்காலமே பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து போர்ஷன் அக்காவை எதற்கோ கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு வந்தார். எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. மண்ணூரிலேயே நாலு தெரு தள்ளி, அம்மாவோடு பஸ்ஸில் போன ஓர் அக்கா வீட்டு வாசலில் நின்று, வண்டியை விட்டு இறங்காமலே கேட்டார்.

"ஏம்மா, நீ பஸ்ஸுல போட்டுனு இருந்தியே, பின்னலு கின்னலு, முடிக்காதது எதுனா கீதா?"

அந்த அக்கா அப்போது வேறு கம்பெனியில் கக்கூஸ் கழுவுகிற கான்ட்ராக்ட்டில் இருந்தாள். சீருடையைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. அப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு கவரை எடுத்து வந்து கொடுத்தாள். "அக்கா நல்லா கீறாங்களாண்ணா?" என்றாள். அப்பா, "நல்லா கீறா, நல்லா கீறா" என்று இரண்டு தடவை சொன்னார்.

வீட்டுக்கு வந்து அவர் அளந்த அளப்பு இருக்கிறதே! அந்த அக்காவுக்கு நேரமே இல்லையாம், அம்மா கைதான் வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றாளாம். அம்மா கவரைத் திறந்து பின்னலை விரலால் தடவிப் பார்த்தாள். "அவ எப்பவும் இறுக்கித்தான் போடுவா" என்றாள். உடனே ஊசியை எடுத்தாள்.

அப்படி ஆரம்பித்தது அப்பாவின் வேட்டை. வடக்குப்பட்டில் ஒரு வீடு, படப்பைப் பக்கம் ஒரு வீடு. ஒன்று முடிகிறதற்குள் அடுத்தது வந்துவிடும். நாயைக் கண்டால் கல்லைத் தேடுகிற மாதிரி, பெண்களைக் கண்டால் அப்பா பாதித் தையலைத் தேடினார். எல்லா வீட்டிலும் இருந்தது. பஸ் நின்ற அன்றைக்கு எந்த வரியில் நிறுத்தினார்களோ அந்த வரியிலேயே நின்றிருந்தது. தூக்கிப் போட மனசும் இல்லை, முடிக்க மனசும் இல்லை என்று ஒரு அக்கா சொன்னாள்.

எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. பைக் முன்னால் மூட்டை, பின்னால் நான். என் வகுப்புப் பையன் ஒருவன் பார்த்துவிட்டு, மறுநாள் வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி, "உங்கப்பா பழைய துணி எடுக்கறாரா? எங்க வூட்லயும் கீது, வரச் சொல்லு" என்றான். என் மானம் கப்பலேறிவிட்டது. வீட்டுக்கு வந்து அப்பாவோடு பேச மாட்டேன் என்று சபதம் செய்தேன். அவர் கவனிக்கவே இல்லை. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

சேரப்பணஞ்சேரி வீட்டுக்கு மட்டும் அப்பாவாகப் போகவில்லை. வேறொரு வீடு தேடிப் போனவரைத் தெருவில் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். அம்மாவின் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்காருகிற அக்காவின் அண்ணன் அவர். அப்பாவின் வேட்டை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அந்த அக்காவை எனக்குத் தெரியும். கம்பெனி ஆயுத பூஜைக்குப் போனபோது எனக்குப் பொரி கட்டிக் கொடுத்தவள். வீட்டுக்குள் அவள் படத்துக்கு மாலை போட்டு ஒரு சின்ன சிவப்பு பல்பு எரிந்தது. அப்பா என்னை வெளியிலேயே நிற்கச் சொன்னார். நான் எட்டிப் பார்த்துவிட்டேன். என்ன ஆச்சு என்று அவளுடைய அண்ணனிடமே கேட்டேன். வயிற்று வலி என்றார்.

உள்ளேயிருந்து ஒரு மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார். அப்பா வேண்டாம் வேண்டாம் என்று பின்னால் நகர்ந்தார்.

"எடுத்துனு போண்ணா. வூட்ல இருந்தா எங்கம்மா அதையே பாத்துனு குந்திகினு கீது. தூக்கிப் போடவும் வுட மாட்டேங்குது."

அப்பா அதை என் மடியில் வைத்தார். திரும்பும் வழியில் ஒரு கம்பெனி காம்பவுண்டு ஓரம் வண்டியை நிறுத்தி, பாட்டில் தண்ணீரால் முகம் கழுவினார். லாரித் தூசி என்றார். அந்த மூட்டையை மட்டும் அம்மாவிடம் காட்டவில்லை. பரணில் அரிசிக் கோணிக்குப் பின்னால் செருகிவிட்டு, "சொல்லாத" என்று என்னிடம் விரலைக் காட்டினார்.

சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் வீடுகள் தீர்ந்துபோயின. ஹாஸ்டல் பெண்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் வீடு மாறிவிட்டார்கள். அப்பா வெறுங்கையோடு வர ஆரம்பித்தார். கடையில் புது ஊல் வாங்கிவந்து கொடுத்துப் பார்த்தார். அம்மா அதைத் தொடவில்லை. புதுசாக ஆரம்பிக்க என்ன இருக்கிறது என்றாள். மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

அப்போதுதான் ஒரு சனிக்கிழமை காலையில் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வயித்து வலி" என்றாள். அப்பா நைட் ஷிப்ட் முடிந்து வந்து அப்போதுதான் கண் அயர்ந்திருந்தார். நான் போய் எழுப்பி, "அம்மாவுக்கு வயித்து வலியாம்" என்றேன். அந்த மனுஷன் எழுந்த வேகம்! லுங்கியைக் கட்டக்கூட நேரமில்லை, பிடித்துக்கொண்டே ஓடினார். அம்மாவின் முகத்தைத் தூக்கி, வாயை முகர்ந்து பார்த்து, "இன்னா சாப்ட? இன்னா சாப்ட சொல்லு!" என்று உலுக்கினார். வெறுங்காலோடு தெருவுக்கு ஓடி ஆட்டோவைப் பிடித்து வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார்.

"முந்தாநேத்து மீன் கொழம்புய்யா" என்றாள் அம்மா. "ஓம வாட்டர் குடிச்சா செரியாப் பூடும்."

அப்பா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டோக்காரர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். அம்மா அப்பாவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் யாரையும் நேராகப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"எல்லார் வூட்டுக்கும் போனியே" என்றாள். "அவ வூட்டுக்கு மட்டும் போவாமயா இருந்த? அவளோடது எங்க?"

அப்பா, எவளோடது என்று கேட்டுப் பார்த்தார். "கடைசி சீட்டு" என்றாள் அம்மா. "வயித்து வலின்னு சொன்னாங்களே, அவ." அதற்குமேல் அவரால் மழுப்ப முடியவில்லை. பரணில் ஏறினார். கோணியை நகர்த்தி மூட்டையை எடுத்துக் கீழே வைத்தார்.

அது ஒட்டுத்துணிப் போர்வை. அந்த அக்கா பஸ்ஸில் ஒவ்வொருத்தியிடமும் ஜாக்கெட் தைத்து மிஞ்சின துண்டு ஒன்று கேட்டு வாங்கிச் சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தாளாம். பாதிதான் ஆகியிருந்தது. மீதித் துண்டுகள் ஒரு கவரில் உதிரியாக இருந்தன. அம்மா அதைத் தரையில் விரித்து, ஒவ்வொரு துண்டாகத் தொட்டு, இது இன்னார், இது இன்னார் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மாம்பழக் கலர்த் துண்டு ஒன்றில் கை நின்றது. அது அவளுடையது. அதைத்தான் அந்த அக்கா கடைசியாகத் தைத்திருக்கிறாள். மூன்று பக்கம் தைத்தாயிற்று, நாலாவது பக்கத்தில் நூல் கோத்த ஊசி துணியிலேயே குத்தியபடி துரு ஏறிக் கிடந்தது. துணியில் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்து போகக் கூடாது என்று அம்மா எனக்கே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

அம்மா அந்த ஊசியை இழுக்கப் பார்த்தாள். வரவில்லை. அப்பா அவள் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அம்மா கையை எடுத்தாள். பிறகு அழுதாள். கம்பெனி மூடினதிலிருந்து அன்றுதான் சத்தம் போட்டு அழுதாள். பக்கத்து போர்ஷனிலிருந்து ஓடிவந்து கேட்டார்கள். நானும் பயந்து அழுதேன்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, போர்வையை ஊசியோடு அப்படியே மடித்தாள்.

"இத நான் முடிக்க மாட்டன். இது பெண்டிங்காவே கெடக்கட்டும்."

"கெடக்கட்டும், கெடக்கட்டும்" என்றார் அப்பா. ஜென்மம் முழுக்க பெண்டிங் வைக்காதே என்று என் உயிரை வாங்கின மனுஷன், ஏதோ பரிசு விழுந்த மாதிரி அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. நான் ஒரு கணக்கை மிச்சம் வைத்தால் மட்டும் காதைத் திருகுவாரா?

"அந்தத் தாழ்ப்பாளையும் போட்டுடு" என்றாள் அம்மா. "துரு புடிச்சது போதும்."

அப்பா லுங்கியை இழுத்துக் கட்டினார். பிறகு செரி என்றார்.

திங்கட்கிழமை காலையில் ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்து அவரே மாட்டினார். பழைய தாழ்ப்பாள்தான். அதில் துரு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அவர் கடைசி ஸ்குரூவை முடுக்கியதும் அம்மா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. அப்பா கதவைப் பார்த்தபடி அப்படியே நின்றார். சோப்பு இருக்கிறதா என்று கேட்கவில்லை. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, பிறகு நின்றது, அப்புறம் எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. திரும்ப மாட்டின தாழ்ப்பாளைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. கதவைத் தட்டக் கையை ஓங்கினேன். அப்பா என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. எலும்பு நொறுங்கிவிடும் போல வலித்தது. வலிக்குதுப்பா என்றேன். அவர் காதில் விழவில்லை.

அம்மா தலையில் துண்டோடு கதவைத் திறந்து, "இன்னா, ரெண்டு பேரும் க்யூ கட்டி நிக்கிறீங்க?" என்றாள்.

அப்பா என் கையை விட்டார். என் மணிக்கட்டெல்லாம் ஈரம். காலையிலேயே இவ்வளவு வெயில், ஸ்குரூ முடுக்கின வேர்வை என்று நினைத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.